ஒலி புறப்படும் வாயில்

திருப்பதிக்கும் திருக்காளத்திக்கும் இடையே உள்ள ஊர் ஏர்பேடு. கண்ணப்பர் வரலாற்றோடு பிணைந்த பொன்முகலி ஆறு பாயும் வட்டாரம் இது. 2015-ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற ஐ.ஐ.டி., ஐசர் ஆகிய இரண்டு உயர்கல்வி நிறுவனங்களும் இப்பகுதியில் நிலையான வளாகங்களை அமைத்துக்கொண்டன. பணியின் பொருட்டு வெளியூர்களிலிருந்து வந்து தங்கும் குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களோடு இசைக்கருவிகளையும் கொண்டுவருகின்றன. வீணை ஒரு வீட்டில் இருந்தால், பேஸ் கிட்டார் இன்னொரு வீட்டில் இருக்கும்.

அப்படி ஒரு வீட்டில், பள்ளி ஆண்டுவிழாவுக்கு முந்தைய நாள் மாலை, பேஸ் கிட்டாரின் ஒலி திடீரென நின்றுவிட்டதாக வைத்துக்கொள்ளலாம். தந்திகள் அறுபடவில்லை, ஒலிபெருக்கியின் விளக்கும் எரிகிறது. வடத்தை அசைத்தால் மட்டும் ‘கரகர’ என்ற ஓசை வந்து மறைகிறது. பெரிய இசைக்கருவிக் கடைகள் உள்ள சென்னை அண்ணா சாலையோ நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கருவி கெட்டுப்போயிற்று, புதிதுதான் வாங்கவேண்டும் என்ற பேச்சு அந்த வீட்டில் எழக்கூடும். உண்மையில் பழுதுபட்டிருப்பது பெரும்பாலும் ஒரு சிறு உலோகத்துண்டே. அதற்கு ‘ஜாக்’ என்று பெயர்.

அந்தச் சிறு துண்டு ஏன் இத்தனை முக்கியம் என்பதை அறிய, கருவியின் இயல்பை அறியவேண்டும். வீணைக்குக் குடம் உண்டு. தந்தியின் அதிர்வைக் குடம் பெருக்கித் தருவதால், மின்சாரம் இல்லாத அறையிலும் வீணை பாடும். மின் பேஸ் கிட்டாரின் உடலோ கெட்டியான மரம். தந்திகளின் அடியில் காந்தங்களும், அவற்றைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாகச் சுற்றிய மெல்லிய செப்புக் கம்பியும் உள்ளன. எஃகுத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் மாறுகிறது. அம்மாற்றத்தால் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறக்கிறது. மைக்கேல் பாரடே 1831-இல் கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இது. அம்மின்னோட்டம் கருவியை விட்டு வெளியேற ஒரே வாயில்தான் உண்டு. அது அடைபட்டால், எத்தனை தேர்ந்த விரல் மீட்டினாலும் அவையில் ஒன்றும் கேட்காது.

பழந்தமிழிசையில் மெலிவு, சமன், வலிவு என மூன்று தானங்கள் சொல்லப்படும். பேஸ் கிட்டார் மெலிவுத் தானத்துக்கு உரியது. அதன் நான்கு தந்திகளுள் மிகத் தடித்தது நொடிக்கு ஏறத்தாழ 41 முறை அதிர்கிறது. கலிபோர்னியாவைச் சேர்ந்த லியோ பெண்டர் 1951-இல் வெளியிட்ட மின் பேஸ் கிட்டாரே உலகெங்கும் பரவியது. தமிழ்த் திரையிசையில் இதற்குத் தனி இடம் உண்டு. இளையராஜாவின் இசைக்குழுவில் சசிதரனும், ஏ. ஆர். ரகுமானின் இசையில் கீத் பீட்டர்சும் வாசித்த பேஸ் கிட்டாரைத் தமிழர் பலர் பெயர் அறியாமலே பல்லாண்டுகளாகக் கேட்டு மகிழ்ந்திருக்கின்றனர்.

ஜாக்கின் வரலாறோ மின் கிட்டாரை விட மூத்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தொலைபேசி நிலையங்களில் அமர்ந்திருந்த பணியாளர்கள் ஒருவரின் அழைப்பை மற்றொருவரோடு இணைக்க வடங்களைத் துளைகளில் செருகுவர். அந்தத் துளையும் செருகியுமே பின்னாளில் இசைக்கருவிக்கு வந்து சேர்ந்தன. செருகியின் விட்டம் 6.35 மில்லிமீட்டர். காதொலிப்பானில் காணப்படும் 3.5 மில்லிமீட்டர் செருகி இதன் தம்பி எனலாம்.

பழுது நீக்குவோர் முதலில் செய்யவேண்டியது கருவியைத் திறப்பது அன்று. வடத்தை மாற்றிப் பார்க்கவேண்டும். பாதிக் குறைகள் வடத்திலேயே இருக்கும். புது வடத்திலும் ஒலி விட்டுவிட்டு வந்தால், வேறொரு கருவியை அதே ஒலிபெருக்கியில் இணைத்துப் பார்க்கவேண்டும். அது நன்கு ஒலித்தால் ஒலிபெருக்கி குற்றமற்றது. பின்னர், கிட்டாரில் செருகிய முனையை மெல்ல அசைக்கவேண்டும். அப்போது ஒலி வந்து போனால் ஐயம் ஜாக்கின்மேல் விழும். இரைச்சல் மட்டும் பேரளவில் எழுந்தால் தரைக்கம்பி விட்டுப்போயிருக்கலாம். முற்றிலும் அமைதி என்றால், ஒலியைக் கொண்டுவரும் கம்பி அறுந்திருக்கலாம். அல்லது தரைக்கம்பியைத் தொட்டுக்கொண்டிருக்கலாம்.

கருவியைத் திறக்குமுன் வடத்தைக் கழற்றிவிடவேண்டும். தனித்திருக்கும் கிட்டாருக்குள் ஊறு செய்யும் மின்னழுத்தம் இல்லை. ஒலிபெருக்கியை மட்டும் ஒருபோதும் திறத்தல் கூடாது. அதன் மின்தேக்கிகள், மின்னிணைப்பைத் துண்டித்த பின்னும் மின்னூட்டத்தைத் தேக்கி வைத்திருக்கும்.

ஜாக்கைத் தாங்கும் தகட்டின் திருகாணிகளைத் திருப்புளியால் கழற்றினால் உட்பகுதி தெரியும். எந்தக் கம்பி எங்கே இணைந்துள்ளது என்பதை உடனே வரைந்துகொள்ளவேண்டும். இதைச் சோம்பலால் விட்டவர்களே பின்னர் விழிக்கின்றனர். ஜாக்கின் உருளைப் பகுதியோடு சேர்ந்தது தரைக்கம்பி. நீண்டு வளைந்த தகட்டோடு சேர்ந்தது ஒலிக்கம்பி. அவ்வளைந்த தகடுதான் செருகியின் நுனியைப் பற்றிக்கொள்கிறது. நாள்பட்ட பயன்பாட்டில் அதன் பிடி தளர்ந்திருந்தால், நூலளவு உட்புறம் வளைத்தாலே போதும். அழுக்கோ பாசியோ படிந்திருந்தால் மின்தொடுமுனைத் தூய்மிப்பான் கொண்டு துடைக்கலாம்.

இனி, மிகப் பரவலான காரணம். ஜாக்கை இறுக்கிப் பிடிக்கும் மரை தளர்கிறது. செருகும்போதெல்லாம் ஜாக் உள்ளே சுழல்கிறது. அதனோடு கம்பிகளும் முறுக்கேறி, ஒருநாள் பற்றவைத்த இடத்தில் விட்டுப்போகின்றன. வெளியே தெரியும் மரையை மட்டும் திருகி இறுக்குவோர் உண்டு. அது உள்ளே இன்னும் முறுக்கேற்றும் வேலை! உட்புறம் ஜாக்கை அசையாமல் பிடித்துக்கொண்டுதான் மரையை இறுக்கவேண்டும்.

விட்டுப்போன கம்பியை மீண்டும் இணைக்கப் பற்றாசு வேண்டும். பொற்கொல்லர் பட்டறையில் வழங்கும் இச்சொல்லே மின்கருவிப் பணிக்கும் பொருந்தும். வெள்ளீயமும் ஈயமும் 60-க்கு 40 என்ற அளவில் கலந்த பற்றாசுக் கம்பி, ஏறத்தாழ 190 பாகை செல்சியசில் முழுமையாக உருகும். இப்பணியைப் பெரியவர் ஒருவர் செய்ய, மாணவர் அருகிருந்து காண்பதே முறை. சூடேறிய கோலின் முனையைப் பற்றாசின்மேல் வைக்காமல், இணைப்பிடத்தில் வைத்து அதனைச் சூடாக்கவேண்டும். அச்சூட்டில் பற்றாசு தானே உருகிப் பரவும். ஆறும் வரை அசைத்தல் கூடாது, ஊதுதலும் கூடாது. நன்கு அமைந்த இணைப்பு பளபளக்கும். மங்கலாகவும் உருண்டு திரண்டும் இருப்பது மீண்டும் விட்டுப்போகும். சன்னல் திறந்திருக்கவேண்டும். ஈயம் நஞ்சாதலால், பணி முடிந்ததும் கைகளைச் சோப்பிட்டுக் கழுவவேண்டும்.

சில பேஸ் கிட்டார்களில் 9 வோல்ட் மின்கலம் உண்டு. அவற்றின் ஜாக்கில் மூன்று கம்பிகள் இருக்கும். மூன்றாவது கம்பி மின்கலத்துக்கு விசைபோல் செயற்படுகிறது. செருகியை நுழைத்தவுடன் மின்சுற்று முழுமையடையும். வாசிக்காத நேரத்திலும் வடத்தைச் செருகியே வைத்திருந்தால் மின்கலம் வீணாகத் தீர்ந்துவரும். கருவி ஊமையானதென்று அஞ்சியவர், முதலில் மின்கலத்தை மாற்றிப் பார்த்தல் நலம்.

தகட்டைப் பொருத்துமுன் வடத்தைச் செருகி, தந்தியை ஒருமுறை மீட்டிச் சரிபார்க்கவேண்டும். வாசிக்கும்போது வடத்தைத் தோள்வாரின் உட்புறமாக ஒருமுறை சுற்றி விடுவது மேடைக் கலைஞரின் வழக்கம். யாரேனும் வடத்தை மிதித்தாலும் இழுவை வாரின்மேல் விழும், ஜாக்கைத் தாக்காது.

சொற்பொருள்
வடம் – கனத்த கம்பி. திருப்புளி – திருகாணியைத் திருகும் கருவி. மரை – திருகாணியை இறுக்கும் உலோக வளையம். பற்றாசு – உருகி உலோகங்களை இணைக்கும் பொருள். ஊறு – தீங்கு.

பயிற்சி
வீணையின் குடம் செய்யும் பணியை மின் பேஸ் கிட்டாரில் எது செய்கிறது?
வெளிப்புற மரையை மட்டும் இறுக்குவதால் விளைவது யாது?
‘விட்டுப்போதல்’, ‘முறுக்கேறுதல்’ ஆகியவற்றைச் சொந்தத் தொடரில் அமைக்க.
வீட்டில் பழுதுபட்ட பொருள் ஒன்றின் குறையைக் கண்டறிந்த முறையைப் பத்து வரிகளில் எழுதுக.