குடி நின்ற பின்பும் கலங்கும் மனம்



குடியை விட்டவர் உடனே சந்தோஷமாயிருப்பார் என்று எண்ணுகிறோம். மறுவாழ்வுப் பிரிவில் நாங்கள் காண்பதோ வேறு.

1. முதல் நாட்கள்: வருடக்கணக்காய்த் தினமும் குடித்தவர் திடீரென நிறுத்தினால், 2, 3 நாட்களுக்குள் கடும் நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும் வரலாம், இல்லாத உருவங்கள் தெரியலாம். இது பேய் அல்ல, உயிருக்கு ஆபத்தான நோய். தாமதமின்றி மருத்துவமனைக்குக் கொண்டுவர வேண்டும்.

2. பிந்திய வாரங்கள்: குடியினால் வந்த மனச்சோர்வு பெரும்பாலும் 2 முதல் 4 வாரங்களில் தணியும். தணியாவிட்டால் அது தனி நோய். அதற்கும் சிகிச்சை வேண்டும். கவனியாது விட்டால் சிலர் மறுபடியும் குடிப்பார்கள். சிலர் உயிரையே மாய்த்துக்கொள்ளத் துணிவார்கள்.

3. நமக்குப் பாடம்: "ஜெபித்தாயிற்றே, மாத்திரை எதற்கு?" என்று ஊழியத்தின் தொடக்கத்தில் ஒரு வாலிபனிடம் நானே சொன்னேன். மாத்திரையை நிறுத்தினான். இரண்டு மாதத்தில் அவனை மறுபடியும் வார்டில் கண்டு வெட்கப்பட்டேன். சூரைச்செடியின்கீழ்ச் சாக விரும்பிய எலியாவைத் தேவதூதன் கடிந்துகொள்ளவில்லை. அடையும் தண்ணீரும் கொடுத்து, மீண்டும் உறங்கவிட்டான்.

வீடு திரும்பியவரிடம், "இன்னுமா மாத்திரை?" என்று கேளாதிருங்கள். "நன்றாய்த் தூங்கினீர்களா? மாத்திரை போட்டீர்களா?" என்று கேளுங்கள்.