உர மண் தீர்ந்த தீவு

பசிபிக் பெருங்கடலில் நவூரு என்று ஒரு தீவு. அது ஒரு தனி நாடு. பரப்பு 21 சதுர கிலோமீட்டர்தான். காலையில் நடக்கத் தொடங்கினால் மதியத்துக்குள் தீவைச் சுற்றி வந்துவிடலாம்.

வயலுக்கு சூப்பர் பாஸ்பேட் போடுகிறோம் அல்லவா? அதைச் செய்யப் பாஸ்பேட் பாறை வேண்டும். நவூருவின் நடுமேட்டில் அது நிறைய இருந்தது. 1907-இல் இங்கிலாந்துக் கம்பெனி ஒன்று வெட்டத் தொடங்கியது. கப்பல் கப்பலாக உர மண் வெளியே போனது. தீவு மக்களுக்குக் கிடைத்ததோ சொற்பக் காசு.

1968-இல் நவூரு விடுதலை பெற்றது. 1970-இல் சுரங்கம் அதன் கைக்கு வந்தது. பிறகு பணம் கொட்டியது. மக்களுக்கு வருமான வரி இல்லை. மருத்துவம் இலவசம். நாட்டுக்குச் சொந்த விமானங்கள். ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் 52 மாடிக் கட்டடம். தென்னையும் மீனும் தந்த தீவில் டப்பா உணவு நுழைந்தது. கூடவே சர்க்கரை நோயும் பெருகியது.

வெட்டிய பாறை மீண்டும் வளருமா? இது அரசுக்கும் தெரியும். அதனால் பிற்காலத்துக்கென்று நிதி சேர்த்தார்கள். அந்தப் பணத்தைத் தவறான தொழில்களில் போட்டுக் கரைத்தார்கள். ஊதாரிச் செலவைவிட இதுதான் பெரிய இழப்பு. 2004-இல் மாடிக் கட்டடமும் கடனுக்காகக் கைமாறியது.

தீவில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கு நிலம் வெட்டப்பட்டுவிட்டது. அங்கே கூரிய சுண்ணாம்புப் பாறைகள் துருத்தி நிற்கின்றன. உழ முடியாது, வீடு கட்டவும் முடியாது. மக்கள் கடலோரத்தில் வாழ்கிறார்கள். அரிசியும் மாவும் கப்பலில் வருகின்றன.

நிலம் கெட்டதற்காக 1989-இல் ஆஸ்திரேலியா மீது உலக நீதிமன்றத்தில் நவூரு வழக்குப் போட்டது. 1993-இல் ஆஸ்திரேலியா இழப்பீடு தர ஒப்புக்கொண்டது. இப்போது நவூருவின் கடலில் மீன் பிடிக்கும் வெளிநாட்டுக் கப்பல்கள் கட்டணம் கட்டுகின்றன. அது முக்கியமான வருமானம்.