வண்ணம் தெளிக்கும் கூண்டு

கைவினை பழகுதல் மாணவர்க்கு மகிழ்ச்சியும் பயனும் ஒருங்கே அளிப்பதாகும். மரத்தாற் சிறு கப்பலும், தகரத்தால் வானூர்தியும் செய்து, அவற்றிற்கு வண்ணம் தீட்டி அழகு காண்பார் பலர். தூரிகையால் தீட்டினால் மயிர்க்கோடுகள் படிவதுண்டு. தெளிப்பானால் தெளிக்கும் வண்ணமோ, இலைமேற் பனி படர்ந்தாற்போல ஒரே சீராகப் படியும். 1879ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டினராகிய ஆப்னர் பீலர் என்பவர், காற்றின் விசையால் வண்ணம் தெளிக்கும் சிறு கருவி ஒன்றை அமைத்தார். அத்தகைய கருவிகள் இன்று பொழுதுபோக்காக வண்ணம் தீட்டுவோர் கைகளிலும் விளங்குகின்றன.

ஆயினும், இவ்வழகிற்குப் பின்னே ஒரு தீங்கு மறைந்திருக்கின்றது. தெளிப்பானிலிருந்து வெளிப்படும் துளிகள் அனைத்தும் பொருளின்மீது படிவதில்லை. ஒரு பகுதி காற்றில் மிதந்து அறையெங்கும் பரவுகின்றது. கண்ணுக்குப் புலனாகாத நுண்துளிகள் மூச்சுடன் கலந்து, நுரையீரலின் ஆழம்வரை செல்ல வல்லன. வண்ணத்தை இளக்குவதற்குச் சேர்க்கும் தின்னரும் ஆவியாகிப் பரவுகின்றது. அதனை நுகர்ந்தார்க்குத் தலைவலி, மயக்கம், குமட்டல் ஆகியவை தோன்றும்.

இத்தீங்கு இன்று நேற்று அறியப்பட்டதன்று. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ராமாட்சினி, தொழிலாளர்க்கு வரும் நோய்களைப் பற்றி 1700இல் ஒரு நூல் வெளியிட்டார். அதில் ஓவியரின் நோய்களையும் ஆராய்ந்து, அவர்கள் கையாளும் வண்ணப் பொருள்களே அவற்றிற்குக் காரணம் என்றார். 1989இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், வண்ணம் பூசும் தொழிலையே புற்றுநோய் விளைப்பனவற்றுள் ஒன்றாக வகைப்படுத்தியது. பொழுதுபோக்காகச் செய்வோர் நுகர்வது குறைவே. எனினும், மூடிய சிற்றறையுள் தெளிப்போர் அக்குறைவை நம்பி வாளா இருத்தல் கூடாது. வெள்ளம் வருமுன் அணை கோலுதலே அறிவுடைமை.

அவ்வணையாக அமைவதே காற்றோட்டமுள்ள தெளிப்புக் கூண்டு. இது முன்புறம் திறந்த ஒரு பெட்டி. தகரம் கொண்டு இதனை அமைப்பது நன்று. அது தீப்பற்றாது, துடைப்பதற்கும் எளிது. பெட்டியின் பின்புறத்தில் ஒரு வடிகட்டியும், அதற்கு அப்பால் காற்றை இழுக்கும் மின்விசிறியும், விசிறியிலிருந்து வீட்டிற்கு வெளியே செல்லும் குழாயும் இருத்தல் வேண்டும். வண்ணம் தீட்ட வேண்டிய பொருளை நடுவில் வைத்து, வடிகட்டியை நோக்கித் தெளித்தல் முறை.

வடிகட்டி இருக்கக் குழாய் எதற்கு எனச் சிலர் வினவலாம். பஞ்சு வடிகட்டி துளிகளைத் தடுக்குமேயன்றி ஆவியைத் தடுக்காது. காற்றை வடிகட்டி மீண்டும் அறையினுள்ளே விட்டால், வண்ணம் நீங்கும், நஞ்சு நீங்காது. ஆதலின் குழாய் இன்றியமையாதது. அது குட்டையாகவும் நேராகவும் இருத்தல் வேண்டும். வளைவு மிகுந்தால் காற்றோட்டம் குறையும். அதன் வாய் அண்டை வீட்டாரின் சன்னலை நோக்கி இருத்தலாகாது. தன் நலம் பேணுவோர் பிறர்க்குத் தீங்கிழைத்தல் முறையன்று.

விசிறியின் ஆற்றலைக் கணக்கிட்டு அறியலாம். கூண்டின் வாய் 60 சென்டிமீட்டர் அகலமும் 50 சென்டிமீட்டர் உயரமும் உடையதாயின், அதன் பரப்பு 0.3 சதுர மீட்டர். அவ்வாயில் காற்று நொடிக்கு 0.5 மீட்டர் விரைவில் உட்செல்ல வேண்டும் எனக் கொள்வோம். இரண்டையும் பெருக்க, நொடிக்கு 0.15 கன மீட்டர், அஃதாவது மணிக்கு 540 கன மீட்டர் காற்று எனப் பெறப்படும். வடிகட்டியும் குழாயும் காற்றைத் தடுப்பதால், இதனினும் மிக்க ஆற்றலுடைய விசிறியே வேண்டும்.

விசிறியைத் தேர்வதில் மற்றொரு கருத்தும் உண்டு. தின்னரின் ஆவி எளிதில் தீப்பற்றும். மின்பொறி ஒன்று போதும், கூண்டு முழுதும் எரிவதற்கு. ஆகையால், பொறி எழாத வகையில் அமைந்து, இயந்திரப் பகுதி காற்றோட்டத்திற்குப் புறத்தே இருக்கும் விசிறியே தக்கது. அத்தகையது கிடைக்காதாயின், தின்னர் கலந்த வண்ணத்தை அக்கூண்டில் தெளிக்காது, நீரில் கலக்கும் வண்ணத்தையே கையாளுதல் வேண்டும். எரியும் அடுப்பும் விளக்கும் அருகில் இருத்தலாகாது.

கூண்டு முடிந்ததும் சோதித்தல் வேண்டும். வண்ணமும் தின்னரும் அறையில் இல்லாதபோது, ஊதுவத்தி ஒன்றை ஏற்றிக் கூண்டின் வாயருகே பிடித்தால், புகை தயங்காது உள்ளே செல்ல வேண்டும். அது வெளியே சுழலுமாயின், எங்கோ குறை உள்ளது. பெரும்பாலும் அறையின் கதவும் சன்னலும் மூடியிருப்பதே காரணமாகும். காற்று உள்ளே வர வழியில்லையேல் வெளியே செல்வது எங்ஙனம்? தெளிப்போரின் முதுகுப்புறமாக ஒரு சன்னல் திறந்திருத்தல் நலம். பின்னாளில் புகை மெல்லச் சென்றால், வடிகட்டி அடைபட்டதென உணர்ந்து மாற்றிவிட வேண்டும்.

கூண்டு இருப்பினும், முகத்திற்குத் தக்க காப்புமூடி அணிதல் வேண்டும். இரு கூறுகளாகக் கலந்து இறுகச் செய்யும் தொழிற்சாலை வண்ணங்களை வீட்டில் தெளித்தல் அறவே கூடாது. அவற்றுட் பல மூச்சுக் குழலுக்குக் கொடிய தீங்கு செய்வன.

வண்ணம் கண்ணுக்கு விருந்து. காற்றோ உயிருக்கு உணவு. ஒன்றைப் பெறுவதற்காக மற்றொன்றைக் கெடுத்துக் கொள்ளாதிருப்பதே கைவினைஞனின் முதற்கடமையாகும்.