கடைக் காமிராவும் கம்பியில்லா இணைப்பும்

நம் வியாபார அன்பர்களில் பலர் கடையிலும் வீட்டிலும் சிறிய காவல் காமிராவை மாட்டி வைத்திருக்கின்றனர். வீட்டுக்கென்று விற்கப்படும் அந்தக் காமிரா உள்ளங்கையில் அடங்கும். அதை வாங்குவதும் எளிது. சுவரில் மாட்டுவதும் எளிது. வைஃபையில் சேர்க்கும் இடத்தில்தான் தொல்லை. "மூன்று நாளாகப் போராடுகிறேன், சேர மாட்டேன் என்கிறது" என்று நம்மிடம் வந்து முறையிட்டோர் ஒருவர் இருவர் அல்லர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே விடை கூறுவதைவிட, நாம் பட்டு அறிந்ததை ஒரு முறை எழுதிவிடுவது நலம் என்று கருதினோம்.

எழுதத் தூண்டிய நிகழ்ச்சியையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறோம். நம்முடைய கடையில், நோன்புப் பெருநாள் விற்பனை நெருக்கித் தள்ளிய ஒரு வாரத்தில், இரவுக் கணக்கு முடிக்கையில் பெட்டியடியில் 800 வெள்ளி குறைந்தது. காமிராவைப் பார்ப்போம் என்று கைத்தொலைபேசியைத் திறந்தால், அது பதினொரு நாட்களாக இணைப்பிலேயே இல்லை என்று தெரிந்தது. அன்று மாலை பெட்டியடியில் நின்றவன் ஊரிலிருந்து வந்து நான்கு மாதமே ஆன இளைஞன். எவரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆயினும் எல்லாருடைய கண்ணும் அவன் மேலேயே இருந்தது. "காமிராவை யார் கழற்றி விட்டது?" என்றுகூட ஒருவர் கேட்டுவிட்டார். அவன் சாப்பிடாமலே படுக்கப் போனான். முடிவைப் பின்னர் கூறுவோம். அதற்கு முன் காமிராவின் சங்கதியைத் தெரிந்துகொள்வது அவசியம்.

காமிராவில் பதியும் படம் நம் கைக்கு வந்து சேர மூன்று இடங்களைக் கடக்கிறது. காமிராவிலிருந்து கடையிலுள்ள ரூட்டர் பெட்டிக்கு வருகிறது. அங்கிருந்து தொலைபேசிக் கம்பெனியின் கம்பி வழியே வெளி இணையத்திற்குச் செல்கிறது. அதன் பிறகு நம் கைத்தொலைபேசியிலுள்ள செயலிக்கு வருகிறது. இம்மூன்றில் எங்கே அறுந்திருந்தாலும் செயலி ஒரே வாக்கியத்தைத்தான் காட்டும்: காமிரா இணைப்பில் இல்லை. ஆகவே முதற் காரியமாகக் கைத்தொலைபேசியின் சொந்தத் தரவை அணைத்துவிட்டு, அதே வைஃபை வழியே ஏதேனும் ஒரு செய்தித்தாளின் பக்கத்தைத் திறந்து பாருங்கள். அது திறக்காவிடில் குற்றம் காமிராவினுடையதன்று. ரூட்டரை அணைத்து ஒரு நிமிடம் கழித்துப் போடுங்கள். அதற்கும் வராவிடில் கம்பெனிக்குச் சொல்லுங்கள். அரைமணி நேரம் ஏணி மேல் நின்று காமிராவைத் திருகியபின் கம்பெனியின் கம்பியில் கோளாறு என்று அறிந்தவர்கள் நம்மிடையே உண்டு.

செய்தித்தாள் திறந்தும் காமிரா சேரவில்லையானால், பெரும்பாலும் காரணம் அலைவரிசை. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். இக்காலத்து ரூட்டர் இரண்டு அலைவரிசைகளில் பேசுகிறது. ஒன்று 2.4 கிகாஹெர்ட்ஸ், மற்றொன்று 5 கிகாஹெர்ட்ஸ். முன்னதன் அலை ஏறத்தாழ 12 சென்டிமீட்டர் நீளமுடையது. பின்னதன் அலை அதில் பாதிக்கும் சற்றுக் குறைவு. நீண்ட அலை வேகத்தில் குறைந்தது, ஆனால் சுவரைத் தாண்டிப் போகும். குறுகிய அலை வேகமானது, சுவருக்குச் சுவர் மெலிந்துவிடும். விலை குறைந்த வீட்டுக் காமிராக்களில் மிகப் பல 2.4 ஒன்றையே அறியும். ரூட்டரோ இரண்டு அலைவரிசைகளுக்கும் ஒரே பெயரைச் சூட்டி வைத்திருக்கிறது. நம் புதிய கைத்தொலைபேசி 5-ஐப் பற்றிக்கொண்டு நிற்கிறது. சேர்க்கும் வேளையில் கைத்தொலைபேசி ஓர் அலைவரிசையிலும் காமிரா வேறோர் அலைவரிசையிலும் இருப்பதால், சில செயலிகள் குழம்பி நின்றுவிடுகின்றன. பெயர் ஒன்றாயிருந்தாலும் தாமே 2.4-ஐத் தேடிக்கொள்ளும் காமிராக்களும் உண்டு. அவை வாங்கியவரின் அதிர்ஷ்டம்.

இதற்குப் பரிகாரம் ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறது. அப்பக்கத்தின் முகவரி ரூட்டரின் அடியில் ஒட்டியுள்ள சீட்டில் அச்சிட்டிருக்கும். அங்கே இரண்டு அலைவரிசைகளுக்கும் வெவ்வேறு பெயர் கொடுக்கலாம். அது இயலாவிடில், காமிராவைச் சேர்த்து முடிக்கும் வரை 5-ஐ மட்டும் அணைத்து வைத்துப் பின்னர் திறந்து விடலாம். 'விருந்தினர் வலை' என்று ஒன்று இருக்குமாயின் அதை 2.4-இல் மட்டும் திறந்து காமிராவுக்கென ஒதுக்குவதும் நல்ல யோசனை. அதன் நன்மையைக் கடைசியில் சொல்கிறோம்.

அதே பக்கத்தில் பாதுகாப்பு முறை என்று ஒரு வரி காணப்படும். புதிய ரூட்டர்கள் சில டபிள்யூபிஏ3 என்ற முறையில் மட்டும் திறந்திருக்கும். பழைய காமிராவுக்கு டபிள்யூபிஏ2 வரைதான் தெரியும். இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுத்தால் தகராறு தீரும். வைஃபையின் பெயரிலும் மறைச்சொல்லிலும் இடைவெளி, பூக்குறி, தமிழ் எழுத்து முதலியவற்றைத் தவிர்த்து, ஆங்கில எழுத்தும் எண்ணுமாக வைப்பது உத்தமம். கடைப்பெயரைத் தமிழில் வைக்க ஆசைதான். காமிரா அதைப் படிக்க மறுக்கிறதே, என் செய்வது! ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வெவ்வேறாகக் கொள்ளப்படும் என்பதையும் மறவாதீர்கள்.

நம் கடையில் நடந்தது என்ன? கம்பெனிக்காரர் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துப் புதிய ரூட்டர் ஒன்றைக் கொடுத்தார். பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டினோம். விற்பனைக் கருவிக்கும் கைத்தொலைபேசிகளுக்கும் புதிய மறைச்சொல்லைக் கொடுத்தோம். காமிராவை ஒருவரும் நினைக்கவில்லை. அது மேலே உட்கார்ந்துகொண்டு, இல்லாத பழைய பெயரைப் பதினொரு நாட்கள் தேடிக்கொண்டிருந்தது. எவரும் கழற்றவில்லை, எவரும் சதி செய்யவில்லை. புதிய ரூட்டருக்குப் பழைய வைஃபையின் பெயரையும் மறைச்சொல்லையும் எழுத்துப் பிசகாமல் வைத்து, பாதுகாப்பு முறையையும் முன்போலவே வைத்திருந்தால், காமிரா தானாகவே வந்து சேர்ந்திருக்கும். இந்த ஒரு சூட்சுமத்தை அறிந்தால் நான்கு காமிரா வைத்திருப்பவருக்கு ஒரு நாள் வேலை மிச்சம்.

புதிதாகச் சேர்ப்பவர்கள் வேறு சிலவற்றையும் பார்க்க வேண்டும். கைத்தொலைபேசி செயலிக்கு இருப்பிட அனுமதி தரவேண்டும்; ஐஃபோனாயின் உள்வலையைக் காணும் அனுமதியும் தரவேண்டும். விபிஎன் வைத்திருப்போர் அதை அணைத்துவிடுங்கள். கியூஆர் சதுரத்தைக் காமிராவுக்குக் காட்டும்போது கண்ணாடி மேலுள்ள மெல்லிய காகிதத்தை உரித்துவிட்டு, ஒரு சாண் தூரத்தில் ஆடாமல் பிடியுங்கள். பிறரிடமிருந்து பழைய காமிராவை வாங்கியவர்களானால், முந்தையவர் தம் கணக்கிலிருந்து அதை விடுவித்தாலன்றி உங்கள் கணக்கில் சேராது. நாம் அறிந்த அன்பர் ஒருவர் மலிவு என்று மூன்று வாங்கி, விற்றவரைத் தேடி இரண்டு வாரம் அலைந்தார்.

சேர்ந்து சேர்ந்து அறுந்து போகும் காமிரா இன்னொரு வகை. பகலெல்லாம் நன்றாக ஓடி இரவானதும் விழுந்துவிடுமானால் மின்சாரத்தைச் சந்தேகியுங்கள். இருட்டியதும் காமிராவிலுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்கி அதிக மின்சாரம் கேட்கும். கூட வந்த மின்செருகியைத் தொலைத்துவிட்டு ஏதோ ஒரு பழைய செருகியைப் பொருத்தியிருந்தாலும், மெல்லிய கம்பியை மற்றொன்றுடன் சேர்த்து ஆறு ஏழு மீட்டர் இழுத்திருந்தாலும், கடைசியில் வந்து சேரும் மின்சாரம் போதாது. காமிராவில் 5 வோல்ட் 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் அதையே கொடுங்கள்.

இடமும் ஒரு காரணம். நம்முடைய கடைவீடுகளின் அமைப்பை நீங்கள் அறிவீர்கள். முகப்பு குறுகலாயிருக்கும், உள்ளே நெடுக நீண்டுகொண்டே போகும், நடுவில் கனத்த செங்கற் சுவர்கள். ரூட்டர் மாடியின் பின்னறையில் இருக்கும். காமிராவோ ஐந்தடியைப் பார்த்து முன்வாசலில். இடையில் இரும்பு உருட்டுக் கதவு இறங்கிவிட்டால் வெளியே இருக்கும் காமிராவுக்கு அலை மிகவும் மெலிந்துவிடும். பகலில் சரியாயிருந்து கடை மூடியதும் அறுவதற்கு மின்சாரம் ஒரு காரணமென்றால் இக்கதவு மற்றொரு காரணம். சாப்பாட்டுக் கடைக்காரர்களுக்கு மைக்ரோவேவ் அடுப்பும் ஒரு பகை. அதுவும் இதே 2.4-இன் பக்கத்திலேயே வேலை செய்வது. நெருக்கமான கடைத்தெருவில் அண்டை அயலாரின் ரூட்டர்கள் எல்லாம் ஒரே தடத்தில் கூச்சலிடும். அங்கே 1, 6, 11 ஆகிய தடங்களில் கூட்டம் குறைந்த ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இவை ஒன்றுக்கொன்று மோதாதவை. சோதிக்க வழி எளிது: காமிரா இருக்கும் இடத்தில் கைத்தொலைபேசியை வைத்து, 2.4-இல் சேர்த்து, ஒரு காணொளியை ஓட்டிப் பாருங்கள். கைத்தொலைபேசியே திணறினால் காமிரா என்ன செய்யும்? பெட்டியடியைப் பார்க்கும் காமிராவுக்கு மட்டும் செலவைப் பாராமல் கம்பி இழுத்துவிடுவதே சிறந்தது என்பது நம் அபிப்பிராயம்.

இவ்வளவும் செய்த பின்னரே ரீசெட் பொத்தானைத் தொட வேண்டும். பலர் முதலில் அதையேதான் அமுக்குகின்றனர். நாமும் அன்றிரவு ஊசியை எடுத்துக்கொண்டு ஏணி ஏறினோம். பக்கத்துக் கடையில் மின்சாமான் விற்கும் சகோதரர், "பொறுங்கள், உள்ளே அட்டை இருக்கிறதா?" என்று கேட்டார். நினைவக அட்டை உள்ள காமிராக்களில் பல, இணைப்பு அறுந்தாலும் அட்டையில் பதிந்துகொண்டேயிருக்கும். மறுபடி சேர்க்கும்போது அட்டையை அழித்துச் சீரமைக்கட்டுமா என்று செயலி கேட்கும். அவசரத்தில் ஆம் என்று அமுக்கிவிட்டால் எல்லாம் போயிற்று. இடம் நிரம்பினால் பழையதன் மேலேயே புதியதைப் பதியும். ஆதலால் தாமதமும் கூடாது. முதலில் மின்சாரத்தை நிறுத்தி அட்டையைக் கழற்றிப் பத்திரப்படுத்துங்கள். சில கம்பெனிகளின் அட்டைகளை அவற்றின் காமிராவிலன்றிப் பார்க்க இயலாது. நம்முடையது கணினியில் திறந்தது.

மாலை 6 மணி 40 நிமிடம். மொத்த வியாபாரியின் ஆள் பில்லோடு வந்து நிற்கிறார். வாசலில் கூட்டம். பெட்டியடிக்குள் நுழைந்து, அந்த இளைஞனைத் தள்ளி நிற்கச் சொல்லி, பணத்தை எண்ணிக் கொடுத்தவர் நாமேதாம். பில்லைச் சட்டைப்பையில் மடித்து வைத்தோம், கணக்கில் எழுதவில்லை. சட்டை அழுக்குக் கூடையில் கிடந்தது, பில்லும் அதனுள்ளேயே இருந்தது. இதை எழுதக் கூச்சமாகவே இருக்கிறது. அந்நேரத்திலேயே அவனை எழுப்பிப் படத்தைக் காட்டி, எல்லாச் சிப்பந்திகளின் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தோம்.

இணைப்பு வந்துவிட்டதும் வேலை முடிந்ததென்று ஏணியை மடக்கிவிடாதீர்கள். கூட வந்த மறைச்சொல்லை அன்றைக்கே மாற்றுங்கள். 2016-இல் மிராய் என்ற கெடுநிரல், ஆலையில் வைத்த மறைச்சொல் மாற்றப்படாத காமிராக்களையும் ரூட்டர்களையும் உலகெங்கும் பல்லாயிரக்கணக்கில் கைப்பற்றிக்கொண்டது. 2020-இல் சிங்கப்பூர் வீடுகளின் காமிராக் காட்சிகள் களவாடப்பட்டு இணையத்தில் உலவிய செய்தி நம் பத்திரிகைகளிலும் வந்தது. காமிராவுக்கு விருந்தினர் வலையை ஒதுக்கச் சொன்னதும் இதனாலேயே. காமிரா களவு போனாலும், திருடன் கணக்குக் கணினிக்குள் நுழைவது கடினமாகும். சிங்கப்பூரில் வாங்குவோர், 2020 முதல் வழங்கப்படும் இணையப் பாதுகாப்பு முத்திரை பெட்டியில் உள்ளதா என்று பாருங்கள். அதில் நான்கு நிலைகள் உண்டு. மாடியில் குடும்பம் வசிக்கும் பகுதியை நோக்கி எந்தக் காமிராவையும் திருப்பாதிருப்பதே நன்று. கடைக்குள் காமிரா இருக்கிறதென்ற அறிவிப்பையும் வாசலில் ஒட்டிவிடுங்கள். தனிப்பட்ட தகவல் பாதுகாப்புச் சட்டம் இங்கே 2012-இலும் மலேசியாவில் 2010-இலும் இயற்றப்பட்டதை வியாபாரிகள் அறிந்திருத்தல் வேண்டும்.

காமிரா அறுந்தால் உடனே செய்தி அனுப்பும் வசதி பல செயலிகளில் உண்டு. அது அணைந்தே இருக்கும், நாமே தேடித் திறக்க வேண்டும். நம் கடையில் இப்பொழுது அச்செய்தி இரண்டு கைத்தொலைபேசிகளுக்கு வருகிறது. ஒன்று நம்முடையது. மற்றொன்று அந்த இளைஞனுடையது; ரூட்டரின் மறைச்சொல்லும் ஏணியும் அவன் பொறுப்பிலேயே இருக்கின்றன.