கேனில் எழுதிய தேதி

2025 மே மாதம். மாலை ஐந்து மணி. வெயில் இன்னும் தணியவில்லை. மதனப்பள்ளியில் தக்காளி ஏற்றிய லாரி ஒன்று சென்னைக்குப் போய்க்கொண்டிருந்தது. விடிவதற்குள் கோயம்பேடு சேர வேண்டும்.

திருப்பதி தாண்டி ரேணிகுண்டா வந்தது. ஓட்டுநருக்கு முன்னால் மஞ்சள் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் வண்டி இழுக்க மறுத்தது. ஓட்டுநர் சாலையோரப் பட்டறையில் நிறுத்தினார்.

மெக்கானிக் வந்து பார்த்தார்.

"யூரியாத் தண்ணி எப்போ ஊத்தினீங்க?"

"நேத்துதான் அண்ணே. டேங்க் நிறைய இருக்கு."

"மிச்சம் எங்கே?"

கிளீனர் தம்பி ஓர் இரும்புப் பெட்டியைக் காட்டினான். வண்டி வாங்கியபோது அந்தப் பெட்டி இல்லை. முதலாளி பிறகு வைத்தது. சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே அதைப் பற்றவைத்திருந்தார்கள். பெட்டியைத் தொட்ட மெக்கானிக் கையை உதறினார். கேனைத் திறந்தார். மூக்கைத் துளைக்கும் நெடி அடித்தது.

"தம்பி, படிக்கத் தெரியுமா?"

"தெரியும் அண்ணே. இரவு வகுப்பில் படிச்சேன்."

"அப்போ இதைப் படி."

தம்பி கேனைத் துடைத்துப் பார்த்தான். 04/2024 என்று இருந்தது. விரல் விட்டு எண்ணினான். பதின்மூன்று மாதம்!

இது என்ன திரவம்?

இதை டி.இ.எஃப். என்பார்கள். ஆட்புளூ என்றும் சொல்வார்கள். இதன் 100 பங்கில் 32.5 பங்கு சுத்தமான யூரியா. மீதி 67.5 பங்கு உப்பு நீக்கிய தண்ணீர்.

டீசல் புகையில் நைட்ரஜன் ஆக்சைடு என்ற நச்சு வாயு உண்டு. அது நுரையீரலைக் கெடுக்கும். இந்தத் திரவத்தைச் சூடான புகையில் தெளிக்கிறார்கள். யூரியா அம்மோனியாவாக மாறுகிறது. அம்மோனியா நச்சு வாயுவோடு சேர்கிறது. கடைசியில் நைட்ரஜனும் நீராவியும் வெளியே வருகின்றன. இவற்றால் கெடுதி இல்லை.

2020 ஏப்ரல் 1 முதல் இந்தியா முழுவதும் பி.எஸ். 6 விதி வந்தது. இப்போது வரும் டீசல் லாரிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது. 100 லிட்டர் டீசலுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் திரவம் செலவாகும்.

எத்தனை மாதம் தாங்கும்?

வைக்கும் இடத்தின் சூட்டைப் பொறுத்தது. மூடி திறக்காத கேனுக்கு உலகத் தரக் கணக்கு இது:

10 டிகிரி வரை – 36 மாதம்
25 டிகிரி வரை – 18 மாதம்
30 டிகிரி வரை – 12 மாதம்
35 டிகிரி வரை – 6 மாதம்
35 டிகிரிக்கு மேல் – உறுதி இல்லை. சோதித்த பிறகே ஊற்ற வேண்டும்.

ரேணிகுண்டாப் பக்கம் கோடையில் வெயிலே 40 டிகிரியைத் தாண்டும். சைலன்சர் பக்கத்துப் பெட்டியில் கேட்க வேண்டுமா? சூட்டில் யூரியா சிதைகிறது. அளவு மாறுகிறது. வண்டியில் உள்ள உணர்கருவி அதைக் கண்டுபிடிக்கிறது. முதலில் விளக்கு எரியும். பிறகு இழுவை குறையும்.

குறுக்கு வழி வேண்டாம்

ஓட்டுநர் மெல்லக் கேட்டார்: "ஒயரில் சின்னப் பெட்டி மாட்டினா இந்தத் தண்ணியே வேண்டாமாமே?"

"நான் மாட்ட மாட்டேன் அண்ணே. அது வண்டியை ஏமாத்தற பெட்டி. விளக்கு எரியாது. ஆனா நச்சுப் புகை அப்படியே வரும். ரோட்டோரத்தில்தான் என் பட்டறை. என் பிள்ளைகளும் இங்கேதான் இருக்காங்க."

சட்டமும் இதைத் தடுக்கிறது. அனுமதியின்றி வண்டியை மாற்றினால் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் உண்டு. இது 2019 திருத்தத்தில் வந்தது.

வயலுக்குப் போடும் யூரியாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றுவோரும் உண்டு. அதுவும் தவறு. அந்த யூரியாவில் வேப்பெண்ணெய் பூசியிருக்கிறது. குழாய்த் தண்ணீரில் உப்பு இருக்கிறது. தெளிக்கும் மூக்கு அடைத்துக்கொள்ளும். பழுது பார்க்கும் செலவு பெரிது. மேலும், உழவர்களுக்காக அரசு மானியத்தில் தரும் யூரியா அது.

தென்கொரியாவில் 2021 இறுதியில் யூரியாவுக்குத் தட்டுப்பாடு வந்தது. சீனா ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியதே காரணம். லாரிகள் நிற்கும் நிலை வந்தது. ஆஸ்திரேலியாவிலிருந்து ராணுவ விமானத்தில் இந்தத் திரவத்தைக் கொண்டுவந்தார்கள். சாதாரணத் தண்ணீர் போலத் தெரிகிறது. ஆனால் அது இல்லாமல் சரக்கு நகராது!

பிறகு என்ன ஆயிற்று?

மெக்கானிக் கெட்ட திரவத்தை ஒரு கேனில் வடித்தார். பெட்ரோல் பங்கிலிருந்து புதுக் கேன் வந்தது. ஊற்றினார்கள். கொஞ்ச தூரம் ஓடியதும் விளக்கு அணைந்தது. ஓட்டுநர் முதலாளிக்குப் போன் செய்தார். அந்த இரும்புப் பெட்டியை எடுத்துவிட வேண்டும் என்றார். முதலாளி முதலில் முணுமுணுத்தார். பிறகு சரி என்றார்.

விடிந்து நெடுநேரம் கழித்தே லாரி கோயம்பேடு சேர்ந்தது. சில பெட்டித் தக்காளி நசிந்துவிட்டது. மற்றவை தப்பின. தம்பி புதுக் கேனின் மேல் திறந்த தேதியைப் பேனாவால் எழுதினான்.

நினைவில் வைப்போம்

1. வாங்கும்போதே தேதியைப் படியுங்கள். புதியதை வாங்குங்கள்.
2. நிழலில் வையுங்கள். மூடியை இறுக்கி மூடுங்கள்.
3. பிளாஸ்டிக் கேனிலேயே இருக்கட்டும். செம்பு, பித்தளை, துத்தநாகப் பாத்திரம் ஆகாது.
4. கலங்கியிருந்தால், வண்டல் இருந்தால் ஊற்றாதீர்கள்.
5. டீசல் டேங்கில் ஊற்றவே கூடாது. தவறி ஊற்றிவிட்டால் இன்ஜினை இயக்காதீர்கள். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

பயிற்சி

1. 300 லிட்டர் டீசலுக்கு எத்தனை லிட்டர் திரவம் தேவை?
2. ஒரு கேனில் 11/2024 என்று இருக்கிறது. 30 டிகிரிக்கு மேல் சூடேறாத அறையில் வைத்தால் எந்த மாதம் வரை தாங்கும்?
3. உங்கள் வீட்டில் உள்ள மருந்து, எண்ணெய், மாவுப் பைகளில் தேதியைத் தேடுங்கள். படித்து எழுதுங்கள்.