ஏலக்காயின் பயணம்

கேரளத்தின் இடுக்கி மாவட்டத்து ஏலமலையில், மரநிழலில் ஏலச்செடி வளர்கிறது. நட்ட மூன்றாம் ஆண்டில் காய்க்கத் தொடங்கும். காய்கள் செடியின் அடியில், தரையையொட்டிய சரங்களில் விளைவதால், குனிந்தே பறிக்க வேண்டும். பறிப்போருள் தேனி மாவட்டத்திலிருந்து மலையேறி வரும் தமிழ்ப் பெண்கள் பலர்.

ஏறத்தாழ 5 கிலோ பச்சைக்காயை உலர்த்தினால் 1 கிலோவே தேறும். ஆயினும் பச்சை நிறம் மங்கலாகாது. உலர்ந்த காய் போடிநாயக்கனூர், புற்றடி ஆகிய ஊர்களில் ஏலம் விடப்பட்டு, கப்பலேறுகிறது. அரபு நாடுகளில் விருந்தினர்க்கு வழங்கும் காப்பிக்கு மணம் தருவது ஏலமே. அச்சந்தையில் குவாத்தமாலா கடும் போட்டியாளர். மேலும், பூச்சிமருந்தின் எச்சம் அளவை மீறினால் சரக்கு முழுவதும் திருப்பியனுப்பப்படலாம். எனவே, மருந்து தெளித்து எத்தனை நாள் கழித்துப் பறிப்பது என்பதில் உழவரின் ஓராண்டு உழைப்பே அடங்கியுள்ளது.

பயிற்சி: ‘ஏலம்’ என்னும் சொல் இப்பாடத்தில் எவ்விரு பொருள்களில் வந்துள்ளது?