மைசூரிலிருந்து ஒரு வழிப்பயணம்

மைசூரிலிருந்து கிழக்கே செல்லும் சாலை, கபினி காவிரியோடு கூடும் திருமகூடலு நரசிபுரத்தை அடைகிறது. அதற்கு அப்பாலுள்ள தலைக்காடு கங்க மன்னர்களின் தலைநகராய் விளங்கியது. பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோழர் அதனைக் கைப்பற்றி, இராசராசபுரம் எனப் பெயரிட்டனர். 1116 அளவில் போசள மன்னன் விட்டுணுவர்த்தனன் அதனை வென்று, வெற்றியின் நினைவாகக் கீர்த்திநாராயணர் கோயிலை எழுப்பினான். காவிரி மணல் மூடிய கோயில்கள் பின்னர் அகழ்ந்தெடுக்கப்பெற்றன. அவ்வூரில் கன்னடக் கல்வெட்டுகளோடு தமிழ்க் கல்வெட்டுகளும் உள்ளன.

கொள்ளேகாலம் வழியே தெற்கே சென்றால் பிளிகிரிரங்கன் மலை தோன்றும். கொள்ளேகாலம் 1956 வரை கோவை மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. மலைவாழ் மக்கள் கருநாடகத்தில் சோலிகர் எனவும், தமிழகத்தில் சோளகர் எனவும் அழைக்கப்பெறுகின்றனர். அவர்தம் சிற்றூர் ‘பொடு’ எனப்படும். புலிகள் காப்பகமான அக்காட்டில் அவர்களது உரிமை 2011இல் ஏற்கப்பெற்றது.

அரசுகள் மாறின, எல்லைகளும் மாறின. கல்லில் பொறித்த தமிழும், மலையில் வாழும் மக்களும் நிலைத்துள்ளனர்.

சொற்பொருள்: அகழ்தல் – தோண்டுதல், பொறித்தல் – செதுக்கி எழுதுதல்.

விடை எழுதுக:
1. தலைக்காட்டிற்குச் சோழர் இட்ட பெயர் யாது?
2. கொள்ளேகாலம் முன்னர் எம்மாவட்டத்தில் இருந்தது?
3. உம் பெற்றோரின் சொந்த ஊரிலிருந்து மைசூருக்கு வரும் வழியிலுள்ள ஊர்களை வரிசையாக எழுதுக.